ஹூஸ்டனில் சேர்ந்த ஐம்பது பேர்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவில் என் அக்கா மகள் நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "மாமா, 700 எழுத்துக்குள்ள பாட்டிய எப்படி அடைக்கிறது?" என்று கேட்டாள்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் நிரப்ப வேண்டிய பொதுப் படிவம் ஒன்று இருக்கிறது, ஆம்காஸ் என்பார்கள். அதில் உங்கள் வாழ்க்கையை எழுத 15 பெட்டிகள். ஒரு பெட்டிக்கு 700 எழுத்து, இடைவெளியும் கணக்கில் சேரும். அவற்றில் மூன்றை மட்டும் முக்கியமானவை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 1,325 எழுத்து எழுதலாம். ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லத் தனியாக 5,300 எழுத்து.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் அம்மா ஆறு மாதம் அவர்கள் வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் இவள்தான் மொழிபெயர்ப்பாளர். "நெஞ்சு படபடங்குது, கை காலெல்லாம் வெலவெலக்குது" என்று பாட்டி சொன்னதை, இதயம் வேகமாக அடிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். மருத்துவரும் எதற்குப் பயம், வீட்டில் ஏதேனும் கவலையா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். காரில் திரும்பும்போதுதான், "பயம்னு நான் எங்கடி சொன்னேன்? படபடப்புன்னுதானே சொன்னேன்" என்று பாட்டி திருத்தினாள். மருத்துவராக வேண்டும் என்று தனக்குத் தோன்றிய இடம் அந்தக் கார்தான் என்பாள் அக்கா மகள். அதை எழுதலாம் என்றால், ஒவ்வொரு பெட்டியிலும் இந்தச் செயலுக்குச் சாட்சி யார், அவர் பதவி என்ன, எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. பாட்டியோடு இருந்ததற்கு மேற்பார்வையாளர் ஏது? கடைசியில் தன் அம்மாவின் பெயரைப் போட்டாள். மணி நேரம் என்ற இடத்தில் என்ன போடுவதென்று வெகுநேரம் தெரியவில்லை.

நீட் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மில் சிலர் அமெரிக்காவைக் காட்டுவதுண்டு. இங்கே பதினேழு வயதுப் பிள்ளையை 720 மதிப்பெண் கொண்ட ஒரே தேர்வில் நிறுத்துகிறோம். அங்கே முழு மனிதனையும் பார்க்கிறார்கள், தொண்டு செய்தானா, நோயாளியோடு பேசத் தெரியுமா என்று பார்க்கிறார்கள் என்பது வாதம். நானும் அப்படி வாதிட்டவன்தான். அக்கா மகளின் படிவத்தை வரிவரியாகப் பார்த்த பிறகு, அந்த முறையின் வரலாற்றையும் அதைப் பற்றிய ஆய்வுகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முழு மனிதனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே உண்மையானதுதான். ஆனால் அந்த ஆசை படிவமாக மாறும்போது, அது அளப்பது பெரும்பாலும் ஒருவரால் எத்தனை நாள் சம்பளமில்லாமல் காத்திருக்க முடியும் என்பதையே.

அங்கே மருத்துவம் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு. முதலில் நான்கு ஆண்டு இளங்கலை, பிறகு நான்கு ஆண்டு மருத்துவம், அதன் பிறகு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. பிரீ-மெட் என்று ஒரு பட்டம் கிடையாது. வரலாறோ இசையோ எதைப் பாடமாக எடுத்தாலும், உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு முடித்திருந்தால் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். பயோகெமிஸ்ட்ரியும் இப்போது பல இடங்களில் தேவைப்படுகிறது. பிரீ-மெட் என்பது ஒரு மாணவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர். முதலாண்டில் அந்தப் பெயரோடு நுழைபவர்களில் பலர், மூன்றாம் ஆண்டில் அதைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

முன்பு இப்படி இருந்ததில்லை. வேலூர் சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் நார்த்ஃபீல்ட் பெண்கள் பள்ளியில் படித்தவர். திண்டிவனத்தில் பெற்றோரோடு சில காலம் இருந்துவிட்டு, 1890களில் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு கார்னெலுக்கு மாறி, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இளங்கலைப் பட்டம் எதையும் அவர் வாங்கியிருக்கவில்லை; அன்று அது தேவைப்படவும் இல்லை. இன்றைய ஆம்காஸ் படிவத்தில் அவரால் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது.

பட்டம் வேண்டும் என்ற விதியை உறுதியாக நிலைநாட்டியது 1893இல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. கட்டடத்துக்கும் தொடக்கத்துக்கும் பணம் போதாமல் தவித்தபோது மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். பெண்களை ஆண்களுக்குச் சமமான தகுதியில் சேர்க்க வேண்டும், சேருபவர் எவரானாலும் பட்டம் பெற்றவராகவும் அறிவியல் பயின்றவராகவும் பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். முதல் வகுப்பில் 18 பேர், அதில் மூவர் பெண்கள். அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஸ்லர், நல்லவேளை நாம் ஆசிரியர்களாக வந்தோம், மாணவர்களாக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திருக்காது என்ற பொருளில் சக பேராசிரியர் வெல்ச்சிடம் சொன்னதாகச் சொல்வார்கள்.

பதினேழு ஆண்டு கழித்து, லூயிவில்லைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், கார்னெகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப்பார்த்து அறிக்கை எழுதினார். அன்று பல கல்லூரிகள் லாபத்துக்கு நடந்தவை. காசு கொடுத்தால் சேர்க்கை. ஆய்வகம் என்று ஒரு பூட்டிய அறை. ஹாப்கின்ஸை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அளந்தார் ஃப்ளெக்ஸ்னர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதிக் கல்லூரிகள் மூடப்பட்டன, அல்லது மற்றவற்றோடு இணைந்தன. நோயாளிகளுக்கு அது நன்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் மூடப்பட்டவற்றுள் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளும் இருந்தன. அத்தகைய ஏழில், ஹோவர்டு, மெஹரி என்ற இரண்டை மட்டும் காப்பாற்றச் சொல்லியிருந்தார் ஃப்ளெக்ஸ்னர். மற்ற ஐந்தும் 1923க்குள் மறைந்தன. அதனால் மருத்துவராக முடியாமல் போன தலைமுறைகளின் கணக்கை அமெரிக்கா இன்னும் தீர்க்கவில்லை. தரம் உயர்ந்ததும் கதவு குறுகியதும் ஒரே அறிக்கையால் நடந்தன.

நுழைவுத் தேர்வு வந்த காரணம் வேறு. 1920களில் சில மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்வரை படிப்பை முடிக்காமலே வெளியேறினார்கள். யார் தாக்குப்பிடிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல 1928இல் ஃப்ரெட் மாஸ் என்ற உளவியலாளர் ஒரு தேர்வை உருவாக்கினார். அதன் வழிவந்ததுதான் இன்றைய எம்கேட். இடைவேளை உட்பட ஏழரை மணி நேரம், 230 கேள்விகள், 472இலிருந்து 528வரை மதிப்பெண், நடுப்புள்ளி 500. 2015 முதல் உளவியலும் சமூகவியலும் ஒரு முழுப் பிரிவாகச் சேர்ந்தன. வறுமைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவராகப்போகிறவர் அறிந்திருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சேர்த்தார்கள். பயிற்சி மையங்கள் அதற்கும் மனப்பாட அட்டை தயாரித்துவிட்டன.

ஆனாலும் பிரீ-மெட் மாணவரிடம் எது பயம் என்று கேட்டால் எம்கேட் என்பதற்கு முன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்றுதான் சொல்வார். கரிமச் சேர்மங்கள் எப்படி உடைந்து எப்படிச் சேர்கின்றன என்ற அந்தப் பாடம், நூற்றுக்கணக்கானவர்கள் அமரும் அரங்குகளில் நடக்கிறது. மதிப்பெண் பல இடங்களில் வகுப்புச் சராசரியை ஒட்டி வளைக்கப்படுகிறது. பக்கத்தில் இருப்பவர் நன்றாக எழுதினால் உங்கள் தரம் இறங்கும். 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 350 பேர் படித்த ஆர்கானிக் வகுப்பில் 82 மாணவர்கள் மதிப்பெண் குறித்து மனு எழுத, பாடநூல் எழுதிய மூத்த பேராசிரியர் மெய்ட்லண்ட் ஜோன்ஸின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனது. மாணவர்கள் சோம்பேறிகள் என்று ஒரு தரப்பும் ஆசிரியர் கொடியவர் என்று இன்னொரு தரப்பும் நாளிதழ்களில் சண்டையிட்டன. ஒரு வேதியியல் வகுப்பின் ஒரு மதிப்பெண்ணில் ஏன் இத்தனை பேரின் வாழ்க்கை தொங்குகிறது என்ற கேள்வி அந்தச் சண்டையில் அமுங்கிப்போனது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஸ்டான்ஃபோர்டின் டொனால்டு பார். முதலாண்டில் மருத்துவராக வேண்டும் என்று சொன்ன மாணவர்களை அவரும் சக ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்வம் குறைவது பெண்களிடமும், மருத்துவத்தில் குறைவாக இடம்பெற்ற சிறுபான்மையினரிடமும் அதிகம். அவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது வேதியியல் வகுப்பில் பட்ட அடி. எந்தத் தேர்வுக் குழுவும் இவர்களை நிராகரிக்கவில்லை. அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. சேர்க்கைப் புள்ளிவிவரங்களில் விண்ணப்பித்தவர்கள்தாம் பகுதி எண்ணாக வருகிறார்கள். பத்தொன்பது வயதில் ஓர் இரவு விடுதி அறையில், இது நமக்கானது இல்லை என்று முடிவு செய்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கட்டுரையாளராகவும் புகழ்பெற்ற மருத்துவர் லூயிஸ் தாமஸ் 1978இலேயே இந்த முறையைக் கடுமையாகத் தாக்கினார். பாடத் தேர்விலேயே தன்னைப் பிரீ-மெட் என்று காட்டிக்கொள்பவரின் கோப்பை, மூன்று அடுக்கில் மூன்றாவது அடுக்கில் வைக்க வேண்டும் என்றார். அந்த எண்ணத்துக்கு அருகில் நின்று நடத்திய பரிசோதனை ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 முதல் இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல் படிக்கும் இளங்கலை மாணவர்களை இடையிலேயே தேர்ந்தெடுத்து இடத்தை உறுதி செய்தது. ஆர்கானிக் வேண்டாம், இயற்பியல் வேண்டாம், எம்கேட்டும் வேண்டாம். 2010இல் வெளியான ஆய்வு அப்படிச் சேர்ந்த 85 பேரை வழக்கமான வழியில் வந்த 606 பேரோடு ஒப்பிட்டது. முதற்கட்ட உரிமத் தேர்வில் இவர்கள் சற்றுக் குறைவாக வாங்கினார்கள்; இடையில் விடுப்பு எடுத்தவர்களும் சற்று அதிகம். ஆனால் நோயாளிகளுக்கு நடுவே நின்ற ஆண்டுகளில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேதியியல் மருத்துவருக்குத் தேவையே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். இருபது வயதில் அதில் வாங்கிய பி மைனஸ், முப்பது வயதில் அவர் எப்படிப்பட்ட மருத்துவராக இருப்பார் என்பதைச் சொல்லிவிடாது.

இனி மணிக்கணக்கு. நல்ல மதிப்பெண் மட்டும் போதாது என்பது அங்கே பாலபாடம். சேருபவர்களின் சராசரி எம்கேட் 511, 512 என்று இருக்கிறது, ஜிபிஏ என்னும் கல்லூரி மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.7க்கு மேல். இந்தச் சராசரிக்கு வெகு உயரத்தில், 517க்கு மேல் வாங்கியவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைப்பதில்லை. எனவே ஒரு மருத்துவர் பின்னால் நிழல்போல் நடக்க வேண்டும். அதற்கு ஷாடோயிங் என்று பெயர். ஆய்வகத்தில் இரண்டு கோடைக்காலம். இலவச மருத்துவ முகாம், முதியோர் இல்லம். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் பேசப் பேசத் தட்டச்சு செய்யும் ஸ்க்ரைப் வேலை. இதில் நிச்சயமாகச் சம்பளம் உள்ளது கடைசியொன்றுக்குத்தான், அதுவும் சொற்பம். தெரிந்த மருத்துவர் குடும்பத்தில் இருந்தால் ஷாடோயிங் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். இல்லாதவர் ஐம்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உணவகத்தில் தட்டு கழுவிக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பிள்ளைக்குத் தொண்டு செய்ய நேரம் எங்கிருந்து வரும்? அந்த வேலையையும் படிவத்தில் எழுதலாம், நல்ல குழுக்கள் அதை மதிக்கவும் செய்யும் என்பது உண்மை. ஆனால் அதை எழுதலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

கல்லூரியின் மூன்றாம் ஆண்டு முடியும் மே மாதத்தில் படிவம் திறக்கும். முந்தியவருக்கே முதலிடம் என்ற நிலை இருப்பதால் ஜூனில் அனுப்பிவிடப் பார்ப்பார்கள். முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், கூடுதல் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல். பலர் பதினைந்து, இருபது கல்லூரிகளுக்குப் போடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்விகள் அனுப்பும், செகண்டரி என்பார்கள். அதற்குப் பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டித் தனிக் கட்டணம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைத் திட்டம் இருக்கிறது, ஆனால் வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. நேர்முகம் குளிர்காலம்வரை நீளும். சேர்க்கை அடுத்த கோடையில். 2021இல் 62,443 பேர் விண்ணப்பித்தார்கள், சேர்ந்தவர்கள் 22,666 பேர். சேருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இளங்கலை முடித்தவுடன் போவதில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி விடுகிறார்கள். கேப் இயர் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ ஓய்வு போலத் தோன்றும். அது விண்ணப்பத்தை நிரப்புவதற்கான ஆண்டு. அந்த ஆண்டில் வாடகையை யார் கட்டுவது என்பதே கேள்வி.

இதற்கு விடை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வெளியிட்ட கணக்கில் இருக்கிறது. 1987 முதல் முப்பது ஆண்டு காலமும், மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் நாட்டின் வருமான ஏணியில் மேல் 40 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்தே வந்திருக்கிறார்கள். தேர்வு முறை எத்தனையோ முறை மாறியும் இந்த எண் அசையவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகம் 2018இல் மருத்துவப் படிப்புக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு அதன் முன்னாள் பேராசிரியர் ரூத் காட்ஸ்மன் 2024இல் நூறு கோடி டாலர் கொடுத்து அங்கும் கட்டணத்தை நீக்கினார். மாபெரும் கொடைகள். ஆனால் அவை உள்ளே நுழைந்தவருக்கான கொடைகள். நுழைவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுச் செலவை அவை தொடுவதில்லை.

நம்மவர்களைத் தொடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எச்1பி விசாவில் போன பெற்றோரோடு கைக்குழந்தையாகப் போய் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டுகள் நீளம். 21 வயதானதும் அந்தப் பிள்ளை பெற்றோரின் விசாவைச் சார்ந்திருக்கும் தகுதியை இழந்து, தான் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவராகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டினரின் விண்ணப்பத்தைப் பார்ப்பதில்லை. அரசு கல்விக் கடனும் கிடைக்காது. விண்ணப்பிக்கும் வயது எதுவோ அதே வயதில் இது நடக்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் தமிழ்ச் சங்க விழாக்களில் பரிசு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கெடுவை நோக்கி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மேடையில் யாரும் பேசுவதில்லை.

இனம் பார்த்துச் சேர்க்கலாமா என்ற புகழ்பெற்ற வழக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியைப் பற்றியதுதான். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. அங்கே இருமுறை நிராகரிக்கப்பட்ட ஆலன் பாக்கி என்ற வெள்ளையினப் பொறியாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் இட ஒதுக்கீடு கூடாது, இனத்தை ஓர் அம்சமாக மட்டும் கருதலாம் என்றது. 2023இல் அதையும் நீக்கியது. 1996லிருந்தே மாநிலச் சட்டத்தால் கை கட்டப்பட்ட அதே டேவிஸ், மாணவரின் குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, வளர்ந்த ஊரில் மருத்துவ வசதி ஆகியவற்றை வைத்துப் பின்தங்கிய நிலைக்கு 99வரை மதிப்பெண் போடும் அளவுகோலை உருவாக்கியது. முழு மனிதனைப் பார்க்கிறோம் என்று சொல்வதைவிட, அவர் எங்கிருந்து ஓடத் தொடங்கினார் என்று பார்ப்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த அம்மாவின் பிள்ளைக்கும் பெற்றோர் இருவரும் மருத்துவராக உள்ள பிள்ளைக்கும் வேறுபாடு போடத் தெரிந்த ஒரு கருவி அது.

தேர்வுக் குழுவின் கண் எவ்வளவு கூர்மையானது? இதற்கு ஒரு தற்செயலான விடை இருக்கிறது. 1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 800 பேரை நேர்முகம் கண்டு வரிசைப்படுத்தி 150 பேரைச் சேர்த்துவிட்டது. அதன் பிறகு மாநிலத்துக்கு இன்னும் மருத்துவர்கள் தேவை, மேலும் 50 பேரைச் சேருங்கள் என்று சட்டமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்குள் வரிசையின் மேல்பகுதியில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் 700க்கும் 800க்கும் இடையில் நின்றவர்கள். அவர்களில் பெரும்பாலோரை வேறெந்தக் கல்லூரியும் எடுத்திருக்கவில்லை. வேறு வழியின்றி ஐம்பது பேரைச் சேர்த்தார்கள்.

பிறகு இரு சாராரையும் ஒப்பிட்டு 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பாடங்களில் வேறுபாடு இல்லை. வார்டில் வேறுபாடு இல்லை. படிப்பை விட்டுப் போனவர்களின் விகிதத்திலும் வேறுபாடு இல்லை. பட்டம் பெற்ற பிறகு பயிற்சியின் முதலாண்டில் மேலதிகாரிகள் போட்ட மதிப்பீடும் ஒன்றே. முதலில் இவர்களைப் பட்டியலின் அடியில் தள்ளியதில் பெரும்பங்கு கல்வித் தகுதிக்கு இல்லை. நேர்முகத்தில் குழுவினருக்கு உண்டான அபிப்பிராயத்துக்கே இருந்தது.

நேர்முகத்தைச் சீராக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004இல் முன்வைத்த முறையில், மாணவர் பத்து அறைகளுக்குப் போகிறார். ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், புதிய சூழல், புதிய மதிப்பீட்டாளர். ஒருவரின் விருப்பு வெறுப்பு பத்தில் ஒரு பங்காகக் கரைகிறது. ஒரே அறையில் ஒரு மணி நேரம் பேசிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். நெதர்லாந்தில் இன்னும் துணிச்சலாக, 1972 முதல் 2017வரை மருத்துவ இடங்களைக் குலுக்கலில் கொடுத்தார்கள்; மதிப்பெண் அதிகமிருந்தால் வாய்ப்பும் கூடும், ஆனாலும் குலுக்கல்தான். இடையில் கைவிட்டு, 2023இல் கல்லூரிகள் விரும்பினால் மீண்டும் கையாளலாம் என்று அனுமதித்தார்கள். தகுதியின் கீழ்க்கோட்டைக் கறாராகப் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டியவர்களுக்குள் சீட்டு எடுப்பதே நியாயம் என்ற முடிவுக்கு நானும் வந்திருக்கிறேன். 700ஆவது ஆளுக்கும் 149ஆவது ஆளுக்கும் வேறுபாடு காணத் தெரியாத குழு, தெரிந்ததுபோல் நிராகரிப்புக் கடிதம் எழுதுவது அந்த இளைஞர்கள் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைச் சிதைக்கிறது. சீட்டில் தோற்றவருக்கு அந்தக் காயம் இராது. நம் ஊரில் அரை மதிப்பெண்ணில் இடத்தை இழந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்கா மகள் அந்த ஆண்டு 22 கல்லூரிகளுக்குப் போட்டாள். இரண்டு நேர்முகம், ஒரு காத்திருப்புப் பட்டியல், பிறகு ஒன்றுமில்லை. கடைசி மறுப்பு வந்த நாளில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "பேசுடா, உங்கிட்டயாவது பேசுவா" என்றாள். அவள் பேசவில்லை. அடுத்த மே மாதம் மறுபடியும் விண்ணப்பித்தாள். முந்தைய ஆண்டு நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடாத ஒரு கல்லூரி, இந்த முறை ஜனவரியில் இடம் கொடுத்தது.

சேர்வதற்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு படிவங்களையும் மடிக்கணினியில் அருகருகே திறந்து காட்டினாள். எம்கேட் அதே மதிப்பெண். கட்டுரையில் இரண்டு வாக்கியம் மாறியிருந்தது. பாட்டியின் பெட்டியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மணி நேரம் என்ற இடத்தில் இரண்டு முறையும் 120 என்று போட்டிருந்தாள். ஸ்க்ரைப் வேலைக்கான பெட்டியில் மட்டும் 640 என்றிருந்தது 2,150 ஆகியிருந்தது. அந்த ஓராண்டும் அவள் அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தாள்.